வைக்கோற்சுவரும் வெப்பநாட்டுப் பெருங்கட்டடங்களும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வைக்கோலைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். சங்க இலக்கியமும் சீறாப்புராணமும் பேசப்படும் பக்கங்களில் மாட்டுத் தீவனத்துக்கு என்ன வேலை என்று கேட்பவரும் இருப்பர். நாம் எழுதும் தாளும் வயலில் அறுபடும் தாளும் ஒரே சொல் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம். கதிரைத் தாங்கிய தண்டே தாள். அறுத்த தாளின் அடிக்கட்டை நிற்கும் வயலை உழுது மறுபடியும் நடுவது தாளடி. வை என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கே வைக்கோல் என்ற பொருளையும் நம் அகராதிகள் தருகின்றன. நெல்லைச் சேமிக்க வைக்கோற்பிரியைச் சுற்றிச் சுற்றிச் சேர் கட்டியவர்கள் நம் முன்னோர். விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தவர்களும் அவர்களே. ஆகவே வைக்கோலைக் கொண்டு ஒன்றைப் பொதிந்து காப்பது என்பது இம்மண்ணுக்கு அயலான எண்ணம் அன்று. அது நெல்லைக் காத்தது. மனிதர் கூடும் பெரிய கட்டடங்களையும் வெயிலிலிருந்து காக்குமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட வினா.

வினா வீணாக எழவில்லை. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக அணைத்துக்கொண்டு, கல்லணையை நோக்கிச் செல்கின்றன. இரு ஆறுகளின் நடுவே இருந்தும் சித்திரை, வைகாசித் திங்கள்களில் திருச்சிராப்பள்ளியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது புதுமை இல்லை. இந்த ஊரில்தான் நாம் ஆண்டுதோறும் வகுப்பறைகளையும் விடுதிகளையும் திருமண மண்டபங்களையும் பள்ளிவாசல்களையும் எழுப்பி வருகிறோம். எழுப்புவன அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை: கற்காரைத் தூண், கற்காரைத் தளம், இடையே ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். கட்டிமுடித்த மறுமாதமே குளிர்சாதனப் பெட்டிகளைச் சுவரில் பொருத்துகிறோம். நன்கொடையாளர் ஒருமுறை கொடுத்த பணத்தில் கட்டடம் எழும். மின்கட்டணமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டும். அதற்கு நன்கொடை தர எவரும் முன்வருவதில்லை.

இப்படியிருக்க, அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளைச் செவ்வகக் கட்டுகளாக இறுக்கிக் கட்டி, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி, இருபுறமும் சாந்து பூசிச் சுவராக்கும் முறை ஒன்று உலகின் பல நாடுகளில் நூறாண்டுக்கும் மேலாக வழங்கி வருகிறது. அதை நம் ஊரில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் உடனே மாறும். "தீப்பிடித்தால்?" என்பார். இவ்வினாவை அறியாமை என்று ஒதுக்குவோர் இந்த ஊரை அறியாதவர்.

2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக்கூரை மின்கோளாற்றால் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழ்த்த வந்தவர்கள் உடல்களாய்த் திரும்பிய அந்த நாளை அம்மா மண்டபச் சாலையும் வீதிகளும் இன்னும் மறக்கவில்லை. ஆறு திங்கள்கூட நிறையவில்லை. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைத் தின்றது. அதற்கு முன் 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரியகோயில் குடமுழுக்கின்போது வேள்விச்சாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் கீற்றுக்கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டது நம் சமுதாயத்தார் எவரும் தலைநிமிர்ந்து பேச முடியாத துயரம். கோயில், பள்ளி, மண்டபம், நோயாளர் விடுதி என நான்கு இடங்களிலும் எரிந்தது உலர்ந்த கூரை. எனவே தமிழ்நாட்டில் கூரை என்றாலே அஞ்சுவதும், பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு ஆணையிட்டதும் முற்றிலும் நேர்மையானவை. அந்த ஆணையைத் தளர்த்த வேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

ஆயினும் அச்சத்தின் வேர் எது என்று பார்ப்பது கடமை. கூரையில் கீற்றும் வைக்கோலும் தளர்வாகக் கிடக்கின்றன. கீழும் மேலும் காற்று ஓடுகிறது. உச்சியில் இருப்பதால் வெயிலில் காய்ந்து சருகாகிறது. பற்றிய தீ ஒரு நொடியில் பரவி, எரியும் துண்டுகளாக உள்ளிருப்போர் தலைமேல் விழுகிறது. கும்பகோணத்தில் இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு ஒன்றே இருந்தது. ஏர்வாடியில் அதுவும் இல்லை, காலில் சங்கிலி இருந்தது. இறுக்கிக் கட்டிய வைக்கோற்கட்டின் நிலை வேறு. தேர்வுத்துறைக் கிடங்கில் கட்டுக் கட்டாக அடுக்கிய பழைய விடைத்தாள்களை எண்ணிப் பாருங்கள். தனித்தாள் ஒன்று தீக்குச்சி பட்டவுடன் பொசுங்கும். இறுகக் கட்டிய கட்டின் ஓரம் கருகும், உள்ளே காற்றுப் புகாததால் தீ நடக்கத் திணறும். அத்தகைய கட்டின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் சாந்து ஏறிவிட்டால் தீக்குக் கதவு அடைபட்டதுபோல் ஆகும். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடத்திய தீத்தாங்கு சோதனைகளில் மண்பூச்சு இட்ட வைக்கோற்சுவர் ஒரு மணி நேரமும், சிமெண்ட் பூச்சு இட்டது இரண்டு மணி நேரமும் தாக்குப்பிடித்தன. 2015இல் அந்நாட்டு வீட்டுக்கட்டட நெறிமுறைத் தொகுப்பில் வைக்கோற்சுவருக்கெனத் தனிப் பிற்சேர்க்கையே இடம்பெற்றது.

இதனால் ஆபத்தே இல்லை என்று கொள்ளற்க. கட்டுமானம் நடக்கும்போது, பூச்சு ஏறுமுன், தரையில் சிந்திக்கிடக்கும் உதிரி வைக்கோல் கூரைக்கு இணையான தீனி. பற்றவைப்புப் பொறியும் பீடித்துண்டும் அங்கே எமன்கள். ஆகவே நம் முடிவு இது: வைக்கோல் நம் ஊரில் கூரைக்கு வேண்டாம், பூசிய சுவருக்குள் வரலாம். ஆனால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கூடும் திருமண மண்டபத்தில் அதைத் தொடங்க வேண்டாம். துயரம் நடந்த ஊரின் உள்ளத்துக்கு நாம் தரவேண்டிய மரியாதை அது. தொடங்குவதற்கு வேறு கட்டடங்கள் உண்டு.

இம்முறை பிறந்த கதை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மணற்குன்றுப் பகுதியில் குடியேறியவர்களுக்கு மரமும் இல்லை, கல்லும் இல்லை. புல்லும் தாளும் இருந்தன. அவற்றைக் கட்டாக்கும் இயந்திரமும் வந்தது. கட்டுகளை அடுக்கிச் சுவராக்கிக் குடியிருந்தனர். அவ்வகையில் எழுந்த தொடக்கக்காலக் கட்டடங்களுள் ஒன்று பள்ளிக்கூடம். அதற்குப் பூச்சும் இடவில்லை, வேலியும் இடவில்லை. பசுக்கள் வந்து பள்ளியையே தின்றுவிட்டன. கல்வியை மேய்ந்த மாடுகள் என்று நம் மாணவர் சிரிக்கலாம். பூச்சு இட்டவை நின்றன. அதே மாநிலத்து ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928இல் வைக்கோற்கட்டுகளால் எழுந்த தேவாலயம் ஒன்று இன்றும் காட்சிக்கு உள்ளது. பிரான்சின் மோந்தார்ஜி நகரில் 1920இல் மரச்சட்டத்துக்குள் வைக்கோல் நிரப்பிக் கட்டிய வீடும் நூறாண்டு கடந்து நிற்கிறது.

பெரிய கட்டடத்துக்கு ஆகுமா என்பாரும் உளர். சுவரே பாரத்தைத் தாங்கும் நெப்ராஸ்கா முறை ஒரு தளத்துக்கு மேல் ஏற்றதன்று. ஆனால் இன்று திருச்சியில் எழும் நான்கு மாடிக் கட்டடத்தில் செங்கற்சுவர் எதைத் தாங்குகிறது? தன்னை மட்டுமே. பாரம் முழுதும் தூணிலும் உத்தரத்திலும் இறங்குகிறது. தூண்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைச் செங்கல் நிரப்பலாமென்றால் வைக்கோற்கட்டும் நிரப்பலாம். பிரான்சின் சாந்தியே நகரில் 2013இல் முடிந்த எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று மரச்சட்டமும் வைக்கோற்பொதிவும் கொண்டது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் வேளாண் கல்வி நடைபெறும் தன் சட்டன் பானிங்டன் வளாகத்தில் 2011இல் வைக்கோற்பலகைச் சுவர்களால் பெரிய கட்டடம் ஒன்றை எழுப்பியது. 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்துக்குப் பின் பாகிஸ்தானின் வடபகுதி மலையூர்களில் எளியோருக்கு வைக்கோற்கட்டு வீடுகள் கட்டப்பட்டன. அவ்வகை வீட்டின் மாதிரியை 2009இல் நெவாடா பல்கலைக்கழக நில அதிர்வு மேடையில் குலுக்கிப் பார்த்தனர், அது நின்றது.

இவற்றுள் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சான்றுகள் என்று ஒரு மாணவர் சுட்டிக்காட்டினால் அவருக்கு முழு மதிப்பெண் தரவேண்டும். குளிர்நாட்டில் உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பது சுவரின் வேலை. நமக்கு வெளியிருக்கும் சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது. தடுப்புக்குத் திசை இல்லை, இருபுறமும் ஒன்றே. ஆனால் வெப்பநாடுகளின் புகழ்பெற்ற மண்கட்டடங்களைக் காட்டி, மண்ணே போதும் என்பவர்களோடு நாம் சற்று வேறுபடுகிறோம்.

மாலி நாட்டு ஜென்னே நகரின் பெரும் பள்ளிவாசல் இன்றைய வடிவில் 1907இல் எழுந்தது. முழுதும் வெயிலில் உலர்ந்த மண்கட்டி. உமி கலந்து புளிக்கவைத்த சேற்றை ஆண்டுதோறும் ஊரே கூடி அதன்மேல் பூசுகிறது. அது அங்கே ஒரு திருவிழா. எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் லக்சருக்கு எதிரே புதிய குர்னா என்னும் ஊரைப் பள்ளிவாசலோடு சேர்த்து வைக்கோல் கலந்த மண்கட்டிகளால் உருவாக்கினார். இவ்விரண்டும் பாலைக்கு அருகிலான நாடுகள். அங்கே பகல் சுடும், இரவு குளிரும். கனத்த மண்சுவர் பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி வைத்து, இரவுக் குளிரில் கொட்டிவிட்டு, மறுநாளுக்கு வெறுங்கையோடு காத்திருக்கும். திருச்சியின் கோடை இரவு அப்படிக் குளிர்வதில்லை. வாங்கிய வெப்பத்தை நம் செங்கற்சுவர் நள்ளிரவில் அறைக்குள்ளேயே கொட்டுகிறது. விடுதி மாணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவதன் காரணம் இதுவே. வைக்கோற்சுவரோ வாங்கி வைக்கும் பண்டாரம் அன்று. அது வெப்பத்தை வாயிலிலேயே நிறுத்துவது. ஒரே கனத்தில் வைத்துப் பார்த்தால் சுட்ட செங்கல்லைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தையே அது கடத்தும். கனமோ ஒன்பது அங்குலம் அன்று, ஒன்றரை அடி. இரவும் வெதுவெதுப்பான ஊருக்கு, இரவில் உறங்கும் கட்டடத்துக்கு, இதுவே பொருந்தும் என்று கருதுகிறோம்.

ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தாது. திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் நண்பகலில் நின்றவர் அறிவர்: அங்கே குளிர்ச்சியைத் தருவது சுவர் அன்று, நிழலும் உயரமும் தடையின்றி ஓடும் காற்றும். திறந்த கூடத்தைச் சுற்றி வைக்கோற்சுவர் எழுப்பினால் இருந்த காற்றும் போகும். கூட்டம் கூடுமிடத்தில் மனித உடலே அடுப்பு. அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும், சுவர்ப்பொதிவு அதற்கு உதவாது. மேலும் ஒற்றைத்தளக் கட்டடத்தில் வெயிலின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. கூரையை வெறுங்கற்காரையாக விட்டுவிட்டுச் சுவரை மட்டும் வைக்கோலால் பொதிவது, குடையின்றி மழையில் நின்றுகொண்டு சட்டைக்கையை மடித்துவிடுவதற்கு ஒப்பாகும். எங்கே குளிர்ச்சியை அடைத்துக் காக்க வேண்டுமோ, அங்கேதான் இம்முறைக்கு வேலை. நூலகம், சுவடியறை, கணினிக்கூடம், விடுதி, கருத்தரங்க அறை ஆகியன அவ்வகையின. பழஞ்சுவடிகளையும் அரபுத்தமிழ் நூல்களையும் ஏற்ற இறக்கமில்லாத வெப்பநிலையில் காக்க விரும்பும் கல்லூரி இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னோர் இடமும் உண்டு. அதைச் சமுதாயப் பெரியோர் முன் தனியே வைக்க விரும்புகிறோம். நம் பள்ளிவாசல்களின் கிப்லாச் சுவர். திருச்சியிலிருந்து கிப்லா நேர்மேற்கு அன்று. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆண்டுதோறும் மே 28ஆம் நாளை ஒட்டி, நம் நேரப்படி பிற்பகல் ஏறத்தாழ 2.48 மணிக்குக் கதிரவன் கஅபாவுக்கு நேர்மேலே நிற்பதும், அவ்வேளையில் கதிரவனை நோக்கி நிற்பவர் கிப்லாவையே நோக்கி நிற்கிறார் என்பதும் பெரியோர் அறிந்தது. நம் ஊரின் அகலாங்கில் அதற்குப் பின் மறையும்வரை கதிரவன் ஏறத்தாழ அதே திசையிலேயே இறங்குகிறது. அதாவது அக்கினி நட்சத்திரம் முடியும் காலத்தில், அஸர் தொடங்கி மஃரிப் வரை, வெயில் முழுதும் நம் கிப்லாச் சுவரின்மேல் நேராக அடிக்கிறது. முதல் வரிசையில் நிற்க விரைந்து வருபவர்தாம் சுட்ட சுவரின் அனலை முதலில் ஏற்கிறார். அச்சுவரில் மிஹ்ராபைத் தவிர வாயிலோ பெரிய சன்னலோ இருப்பதில்லை. நீண்ட, உடைபடாத, பாரம் தாங்காத சுவர். வைக்கோற்கட்டுக்கு இதைவிட வாய்ப்பான சுவரை வரைந்தும் காட்ட முடியாது. மற்ற மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

இறையில்லத்துக்கு வைக்கோலா என்று மனம் சுளிப்பவர் இருக்கலாம். 622இல் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் சுடாத செங்கல்லாலும் பேரீச்ச மரத்தூண்களாலும் ஓலைக்கூரையாலும் ஆனது. மழை பெய்தபோது கூரை ஒழுகியது என்பது வரலாறு. பின்னர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் தேக்குக் கூரையும் கொண்டு அதைப் புதுப்பித்தார்கள் என்பதும் வரலாறே. எளிய பொருள் இழிந்ததன்று, உயர்ந்த பொருள் விலக்கப்பட்டதும் அன்று. எது அவ்விடத்துக்கும் காலத்துக்கும் பயன்படுமோ அதைக் கொண்டார்கள்.

தீயைப் பற்றி நீளப் பேசினோம். உண்மையில் வைக்கோற்சுவரின் முதற்பகை தீ அன்று, நீர். கட்டின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், பின் மக்கும். வெளிப்பார்வைக்குச் சுவர் பொலிவாக இருக்கும், உள்ளே எருக்குழி. 1924, 1977, 2005 என வெள்ளம் கண்ட ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை வேறு. ஆகவே அடித்தளம் வெள்ள மட்டத்துக்கு மேல் உயர வேண்டும். முதற்கட்டின்கீழ் ஈரம் ஏறாத தடுப்பு வேண்டும். கூரையின் இறவாரம் மூன்றடிக்குக் குறையாமல் வெளியே நீள வேண்டும். நம் காலத்துப் பெட்டிக் கட்டடங்கள் இறவாரத்தையே மறந்துவிட்டன. அந்தச் சொல்லையும் மாணவர் மறந்துவருகின்றனர். குளியலறை, குடிநீர்த்தொட்டி, கழிநீர்க்குழாய் எதுவும் வைக்கோற்சுவர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மின்கம்பி குழாய்க்குள்தான் செல்லவேண்டும். மாடியில் நீர்த்தொட்டி நிரம்பி வழிந்து சுவரில் இறங்குவதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவனம் எதுவாயினும், அது இம்முறையைத் தொடாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

கறையானை மறக்கலாமோ? நெற்றாளில் மணற்சத்து மிகுதி; அதனால் மற்றத் தாள்களைவிட எளிதில் மக்காது. கறையானுக்கும் மரத்தின்மேல் உள்ள ஆசை அதன்மேல் இல்லை என்பர். நம் ஊர்க் கறையானை அப்படி முழுதும் நம்பிவிட முடியாது. அடித்தளத்தைச் சுற்றிலும் பார்வைக்குத் திறந்த கற்பட்டை ஒன்று விட்டு, புற்றுமண் கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளை வைக்கவேண்டும்.

பூச்சுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே தக்கது. உள்ளே புகுந்த சிறிது ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியே விடும் இயல்பு சுண்ணாம்புக்கும் களிமண்ணுக்கும் உண்டு; சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். தீயைத் தாங்குவதில் சிமெண்ட் ஒரு படி மேல் என்று முன்னரே சொன்னோம். ஈரத்தில் அது ஒரு படி கீழ். இரண்டையும் சீர்தூக்கி, நம் மழைக்குச் சுண்ணாம்பைத் தேர்வது அறிவுடைமை என்பது நம் துணிபு. இங்கேதான் திருவரங்கம் கைகொடுக்கிறது. அரங்கநாதர் கோயில் திருப்பணி பழைய முறையில் செய்யப்பட்டமைக்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பதம் பார்த்துப் பூசத் தெரிந்த கைகள் அத்திருப்பணியால் இப்பகுதியில் பயிற்சி பெற்றன. வேலை இல்லையேல் அக்கைகள் மீண்டும் சிமெண்ட் கரண்டிக்குத் திரும்பிவிடும். ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் கொத்தனாரின் கலை, இந்தப்பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்குப் பயன்பட்டால் இரு கரைக்கும் ஊதியம்.

இனி மாட்டின் வழக்கு. பஞ்சாபில் தாளை வயலிலேயே கொளுத்துகின்றனர். அங்கே அது தொல்லை. நம் காவிரிப்படுகையில் வைக்கோல் கழிவு அன்று, தீவனம். இயந்திரம் சுருட்டிய உருளைக் கட்டுகள் சுமையுந்தில் ஏறி வெளி மாவட்டங்களுக்குச் செல்வதை இலால்குடிச் சாலையில் எவரும் காணலாம். பசுவின் வாயிலிருந்து பிடுங்கிச் சுவருக்குள் அடைப்பது அறமாகுமா? வறட்சி ஆண்டில் ஆகாது என்பதே நம் விடை. வைக்கோல் விலை ஏறி, பால்மாட்டை விற்கும் நிலை வந்த ஆண்டில் கல்லூரி தன் கட்டுமானத்தைத் தள்ளிவைக்க வேண்டும். விளைந்த ஆண்டில் ஒரு நூலகத்துக்குரிய வைக்கோல், வட்டாரத்து விளைச்சலில் கண்ணுக்குத் தெரியாத சிறுகூறு. உழவருக்கு உரிய விலையைக் களத்திலேயே கொடுத்து வாங்கலாம். குறுவைத் தாள் பெரும்பாலும் மழையில் நனைந்தே வரும். அது சுவருக்கு உதவாது. தையிலும் மாசியிலும் வெயிலில் அறுபடும் சம்பா, தாளடித் தாள்தான் ஏற்றது. அதற்குப் பின் கோடை முழுதும் உலர்ந்த காலம். கட்டை அடுக்கி, இருமுறை பூசி, ஆவணிக்குள் வேலையை முடித்துவிடலாம். நம் பயிர்க்காலமும் மழைக்காலமும் இதற்கென்றே ஒழுங்கு செய்ததுபோல் அமைந்துள்ளன. ஒன்று மட்டும் மாறவேண்டும்: உருளைக் கட்டு சுவருக்கு ஆகாது, செவ்வகக் கட்டு வேண்டும், அதுவும் மாட்டுக்குக் கட்டுவதைவிட இறுக்கமாக.

மலிவு என்று சொல்லி இதை விற்க நாம் விரும்பவில்லை. கட்டடச் செலவில் சுவரின் பங்கு சிறிது. அதில் வைக்கோலின் பங்கு இன்னும் சிறிது. பூச்சுவேலைக்கு ஆள்கூலி மிகும். சுவர் ஒன்றரை அடி தடித்தால் அறை சுருங்கும். தில்லைநகரில் சதுர அடிக் கணக்கில் மனை வாங்கியவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். திருவரங்கத்து வீதிகளில் தோளோடு தோள் உரசும் வீடுகளுக்கும் இது ஆகாது. பரந்த வளாகமும் நெடுநாள் பார்வையும் உள்ள கல்லூரிகளுக்கும் வக்ஃபு நிலங்களுக்கும் ஆகும். சேமிப்பு கட்டும்போது வராது, பின்வரும் ஆண்டுகளின் மின்கட்டணத்தில் வரும்.

சட்டம் ஒரு தடை. மூங்கிலுக்குத் தேசியக் கட்டட நெறிமுறையில் இடம் கிடைத்திருக்கிறது; வைக்கோற்கட்டுக்கு அத்தகைய தனிப்பிரிவு இல்லை. ஆகவே தீயணைப்புத் துறையின் கையொப்பத்தைக் கெஞ்சிப் பெறுவதோ, தெரிந்தவர் வழியாகப் பெறுவதோ கூடாது. 2004க்குப் பின் இந்த மாவட்டத்தில் அந்தக் கையொப்பம் வெறும் மையெழுத்து அன்று. சோதித்துக் காட்டிப் பெறவேண்டும். அதற்கு வேண்டிய நிறுவனங்கள் எல்லாம் கூப்பிடு தொலைவில் உள்ளன. துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி, நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி. வைக்கோல் அறிந்தவரும் சுவர் அறிந்தவரும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒரே மேசையில் அமர்ந்ததாகத் தெரியவில்லை.

நம் வளாகத்தில் பத்தடிக்குப் பத்தடியில் இரண்டு அறைகள் போதும். இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே இறவாரம், ஒரே திசை. ஒன்றுக்குச் செங்கற்சுவர், மற்றதற்கு வைக்கோற்சுவர். இரண்டின் மேற்குச் சுவரிலும் வெப்பமானி, வைக்கோலுக்குள் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் ஈரமானி. இயற்பியல் துறை மாணவர் நாளுக்கு நான்கு முறை குறித்துவரட்டும். சித்திரை வெயில் ஒருமுறை, ஐப்பசி மழை ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் கடக்கட்டும். தனியே ஒரு சுவர்த்துண்டைப் பூசி, உலர்த்தி, தீயணைப்புத் துறையினர் முன்னிலையில் கொளுத்திப் பார்க்கட்டும். திருவரங்கத்து மண்டபத்தில் உறவினரை இழந்தவர் எவரேனும் வந்து பார்க்க விரும்பினால் அவருக்கு முன்வரிசையில் இருக்கை இடவேண்டும். அச்சுவர் தாங்குமானால் அடுத்து எழும் நூலகத்தின் மேற்குச் சுவரையும், ஜமாஅத் விரும்பினால் ஒரு பள்ளிவாசலின் கிப்லாச் சுவரையும் பற்றிப் பேசலாம். தாங்காவிட்டால் அந்த ஏட்டை அப்படியே அச்சிட்டு, வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிடலாம். வரும் தை அறுவடைக்குச் செவ்வகக் கட்டு வேண்டுமென்றால் இயந்திரக்காரரிடம் மார்கழியிலேயே சொல்லிவைக்க வேண்டும்.